கொள்கை வாக்கும் சூழ்ச்சி வாக்கும்

குடியாட்சி நாட்டில் குடிமகன் ஒருவன் அரசனாய் விளங்குவது ஓர் இமைப்பொழுதே. வாக்குச் சாவடியின் மறைப்புக்குள் தனித்து நின்று தன் கருத்தைப் பதியும் அச்சிறு பொழுதில் அவனை ஏவுவாரும் இலர், தடுப்பாரும் இலர். அப்பொழுது கழிந்ததும் அவன் மீண்டும் குடிமக்களுள் ஒருவனாகிறான். ஆயினும் அவ்விமைப்பொழுதில் அவன் செய்தது ஐந்தாண்டு நின்று பயன் விளைக்கின்றது. இந்திய அரசியலமைப்பின் 61ஆம் திருத்தத்தால் வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டு 1989ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்து வருதலின், இக்கல்லூரியிற் பயிலும் மாணாக்கருட் பெரும்பாலார் அவ்வுரிமையை எய்தியவரே. உரிமை நம்மை நாடி எளிதில் வந்துவிட்டது. அதனைச் செலுத்தும் நெறியோ அத்துணை எளிதில் வருவதன்று.

சென்ற பொதுத்தேர்தலுக்கு முந்தின இரவு எம் விடுதியில் நண்பர் இருவரிடையே எழுந்த வழக்கே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும். ஒருவர், தம் உள்ளத்துக்கு ஒத்த கொள்கையுடைய சிறு கட்சியொன்றின் அபேட்சகருக்கே வாக்களிக்கப் போவதாகக் கூறினார். மற்றவர், “அவர் வெல்லப் போவதில்லை; உம் வாக்குக் கடலிற் கரைத்த பெருங்காயமாய்ப் போகும். நாம் எவர் வருகைக்கு அஞ்சுகின்றோமோ, அவரைத் தோற்பிக்க வல்லவர் யாரோ அவருக்கே அளித்தல் அறிவுடைமை” என்றார். சொல் வளர்ந்தது. முன்னவர் பின்னவரைக் கோழை என்றார். பின்னவர் முன்னவரைச் செருக்கர் என்றார். அதன்பின் ஒரு வாரம் வரையில் அவ்விருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டும் ஒருவரோடு ஒருவர் பேசிற்றிலர். இருவருக்கும் நண்பராகிய யாம், நீதி எப்பக்கத்தது என ஆராயப் புகுந்தோம். ஆராய்ந்து கண்டவற்றை ஈண்டு உரைக்கின்றோம்.

முதற்கண் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். போட்டியிடுவோர் அனைவருள்ளும் எவரைத் தக்கார் என்று ஒருவன் உண்மையாகவே கருதுகின்றானோ, வெற்றி தோல்வியை நோக்காது அவருக்கே அளிப்பது கொள்கை வாக்கு. தான் பெரிதும் விரும்பும் ஒருவரைக் கைவிட்டு, வெல்லும் வாய்ப்புடையாருள் தீமை குறைந்தவர் என்று தோன்றும் ஒருவருக்கு அளிப்பதனைச் சூழ்ச்சி வாக்கு என்று வழங்குவோம். சூழ்ச்சி என்றவுடன் வஞ்சனை என்னும் பொருளே இக்காலத்தார்க்குத் தோன்றும். ஆனால் திருக்குறள் முதலிய பழைய நூல்களில் சூழ்தல் என்பது பலவாறு ஆராய்ந்து எண்ணுதலையும், சூழ்ச்சி என்பது அவ்வாராய்ச்சியையுமே குறிக்கும். ஒரு செயலால் வரும் ஆக்கத்தையும் இடையூற்றையும் முன்னரே எண்ணிப் பார்த்தல் அமைச்சர்க்கு இன்றியமையாப் பண்பாகக் கொள்ளப்பட்டது. அச்சொல் தன் பழைய உயர்வினின்றும் இழிந்து வஞ்சனையைக் குறிக்கலானது பிற்காலத்தேயாம். நாம் ஆராயும் வழக்கு முழுவதும் இவ்வொரு சொல்லின் இருபொருளுள் அடங்கிக் கிடக்கின்றது என்பது போகப்போக விளங்கும்.

இனி, இவ்விடர்ப்பாடு எங்கிருந்து பிறக்கின்றது? மனிதர் மனத்தின் கோட்டத்தினின்றும் மட்டும் பிறப்பதன்று; வாக்கெடுக்கும் முறையினின்றும் பிறக்கின்றது. நூறு வாக்காளர் உள்ள ஒரு சிற்றூரில் மூவர் போட்டியிடுகின்றனர் என்று கொள்வோம். முதல்வருக்கு 40 பேரும், இரண்டாமவருக்கு 35 பேரும், மூன்றாமவருக்கு 25 பேரும் வாக்களிக்கின்றனர். இரண்டாமவரும் மூன்றாமவரும் ஏறக்குறைய ஒரே கொள்கையினர். முதல்வரோ அதற்கு முற்றும் மாறானவர். அவரை வேண்டாதார் 60 பேர் இருந்தும் வென்றவர் அவரே. ஆளுக்கு ஓர் அடையாளம் மட்டுமே இட இசைவு தரும் முறையில், ஒத்த உள்ளத்தார் பிரிந்தால் ஒவ்வாதவர் வெல்வார். இந்திய நாட்டு மக்களவைத் தேர்தலும் சட்டசபைத் தேர்தல்களும் இம்முறையிலேயே நடைபெறுகின்றன. ஆகவே, “எனக்கு யார் வேண்டும்?” என்னும் வினாவோடு “மற்றையோர் யாது செய்வர்?” என்னும் வினாவும் வாக்காளன் உள்ளத்தில் எழுதல் இயல்பே.

இதன் விளைவை விளக்குதற்குப் பிரான்சு தேசத்தில் 2002ஆம் ஆண்டு நிகழ்ந்த குடியரசுத் தலைவர் தேர்தல் தக்கதொரு சான்றாகும். அந்நாட்டில் அத்தேர்தல் இரு சுற்றாக நடைபெறும். முதற் சுற்றில் எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குப் பெறாராயின், முதலிரண்டு இடம் பெற்றவர் மட்டுமே இரண்டாம் சுற்றில் எதிர்நிற்பர். அவ்வாண்டு போட்டியிட்டோர் 16 பேர். அப்பொழுது தலைவராயிருந்த ஜாக் சிராக் வலதுசாரிக் கட்சியினர். பிரதம மந்திரியாயிருந்த லயனல் ஜோஸ்பின் சோசலிஸ்டுக் கட்சியினர். இவ்விருவரே இரண்டாம் சுற்றுக்கு வருவர் என்று நாடெங்கும் நம்பினர். மக்கட் கருத்தை முன்கூட்டி அளந்தறிந்து கூறுவோரும் அவ்வாறே கூறினர். ஆதலின் இடதுசாரிக் கொள்கையினர் பலர், “ஜோஸ்பினுக்கு இரண்டாம் சுற்றில் அளிக்கலாம், முதற் சுற்றில் நம் மனத்துக்கு இனியவருக்கு அளிப்போம்” என்று எண்ணித் தம் வாக்குகளைப் பல சிறு கட்சிகளுக்குப் பகிர்ந்தளித்தனர்.

ஏப்ரல் 21ஆம் நாள் இரவு முடிவு வெளியாயிற்று. சிராக் நூற்றுக்கு 19.88 பங்கு பெற்று முதல்வராய் நின்றார். இரண்டாம் இடத்தில் நின்றவர் ஜோஸ்பின் அல்லர், நூற்றுக்கு 16.86 பங்கு பெற்ற ழான் மரி லெ பென் என்பார். அவர் குடிபெயர்ந்து வந்தோரைப் பகைக்கும் கட்சியின் தலைவர். யூதர்களைக் கொன்ற நச்சுவாயு அறைகளை உலகப்போர் வரலாற்றில் ஓர் அற்பச் செய்தி என்று 1987இல் கூறி, அதன் பொருட்டு நீதிமன்றத்தால் தண்டம் விதிக்கப்பெற்றவர். ஜோஸ்பின் பெற்றது 16.18 பங்கு. இருவர்க்கும் இடையிலிருந்த வேறுபாடு இரண்டு இலட்சம் வாக்குக்கும் குறைவு. அன்றிரவே ஜோஸ்பின் அரசியல் வாழ்வினின்றும் விலகுவதாக அறிவித்தார்.

அம்முதற் சுற்றில் கிறிஸ்தியான் தோபிரா என்னும் பெண்மணியாருக்கு 6,60,447 வாக்குகள் கிடைத்தன. அவர் தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் கயானாவிற் பிறந்தவர். அடிமை வாணிகம் மானிட குலத்துக்கு எதிரான குற்றமே என்று அறிவிக்கும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவருக்கு வாக்களித்தோரை அறிவிலிகள் என்று யார் கூறத் துணிவர்? அவர்கள் ஒரு பெருங்கொள்கையையும், அக்கொள்கைக்காக உழைத்த ஒருவரையும் போற்றி வாக்களித்தனர். எனினும் அவ்வாக்குகளுள் மூன்றில் ஒரு பங்கு ஜோஸ்பினுக்குச் சென்றிருப்பின், லெ பென் இரண்டாம் சுற்றுக்கு வந்திரார். இது தோபிரா ஒருவருக்கு மட்டும் உரிய குற்றமன்று. இடதுசாரிச் சிறு கட்சிகள் வேறு பலவற்றுக்கும் இக்கணக்குப் பொருந்தும். இடதுசாரி வாக்கு குறைந்ததனால் அன்று, சிதறியதனாலேயே ஜோஸ்பின் நீங்கினார்.

மே மாதம் 5ஆம் நாள் இரண்டாம் சுற்று வந்தது. சிராக்கைத் தம் வாழ்நாளெல்லாம் எதிர்த்து வந்த இடதுசாரிகள் இலட்சக்கணக்கில் திரண்டு சென்று சிராக்குக்கே வாக்களித்தனர். அவர் நூற்றுக்கு 82.21 பங்கு பெற்று வென்றார். பதினான்கு நாட்களுக்கு முன் கொள்கை வாக்கு அளித்தவரே பதினைந்தாம் நாளில் சூழ்ச்சி வாக்கு அளித்தனர். அவர்கள் கொள்கை மாறியதா? மாறவில்லை. கண்முன் நின்ற இடர் மாறிற்று. அவ்வளவே.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2000ஆம் ஆண்டு நிகழ்ந்த தலைவர் தேர்தலும் இத்தகையதே. ஆனால் அது வேறொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. புளோரிடா நாட்டுப்பகுதியில் ஜார்ஜ் புஷ் 537 வாக்கு மிகுதியால் அல் கோரை வென்றார். அவ்வெற்றியே அவரைத் தலைவராக்கிற்று. அதே பகுதியில் பசுமைக் கட்சியின் ரால்ப் நேடர் பெற்றவை 97,488 வாக்குகள். ஆனால் மாசச்சூசெட்ஸ் பகுதியில் கோரின் வெற்றி ஐயத்துக்கு இடமின்றி உறுதியாயிருந்தது. அங்கே நேடருக்கு வாக்களித்தவர் யாருக்கும் கேடு விளைத்திலர்; தம் கொள்கையை நாடறியச் செய்தனர். ஒரே வாக்கு, ஒரே அபேட்சகர், ஒரே நாள். இடம் வேறாகவே விளைவும் வேறாயிற்று. எனவே, கொள்கை வாக்கே சிறந்தது என்றாதல் சூழ்ச்சி வாக்கே சிறந்தது என்றாதல் பொதுப்பட விதித்தல் பொருந்தாது.

இவற்றை எல்லாம் எண்ணுங்கால் எமக்குத் தோன்றுவது இது. வாக்கு ஒன்றேயாயினும் அது செய்யும் தொழில் இரண்டு. ஒன்று, சாட்சி கூறுதல்: “இதனையே யான் உண்மை என்று நம்புகின்றேன்” என்று நாட்டுக்கு அறிவித்தல். மற்றொன்று, செயல் புரிதல்: இவர் ஆள்க, இவர் ஆளற்க என்று தீர்க்கும் பெருவினையில் தானும் ஒரு கை கொடுத்தல். நற்பேறாக இவ்விரண்டும் ஒருவழிச் செல்லுமாயின் இடர் இல்லை. ஒரே அடையாளத்தால் இரண்டும் செய்ய இயலாதபோது, எத்தொழிலை முன் வைப்பது என்பதே வினா. எம் நண்பருள் ஒருவர் சாட்சியையே வாக்கெனக் கொண்டார். மற்றவர் செயலையே வாக்கெனக் கொண்டார். இருவரும் பாதி உண்மையைப் பற்றிக்கொண்டு முழு உண்மைக்காகப் போராடினர்.

சாட்சி ஒன்றையே கருதி இடும் வாக்குக்கு நம் நாட்டிலேயே வழியுண்டு. உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பினால், மேற்கண்ட எவரும் இலர் என்று பதியும் உரிமை வாக்காளர்க்குக் கிடைத்தது. 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் இந்தூர்த் தொகுதியில் 2,18,674 பேர் அவ்வாறு பதிந்தனர். அஃது உரத்த சாட்சியே. ஆயினும் அதனால் வென்றவர் வெற்றி தடைப்படவில்லை. சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. சாட்சி வேறு, செயல் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டா.

கிறிஸ்தவ மாணவர் சிலர், மனச்சாட்சிக்கு மாறாய் ஒருபோதும் நடத்தலாகாது, விளைவைக் கடவுளிடம் விட்டுவிட வேண்டும் என்பர். பாபிலோனிய மன்னன் நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்து எரியும் சூளையை ஏற்றுக்கொண்ட எபிரேய இளைஞர் மூவரை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அவ்விளைஞர் நெஞ்சுரம் எக்காலத்தும் போற்றற்குரியது. ஆனால் ஒன்று கருதத்தக்கது. தம் மறுப்பின் விலையை அவர்கள் தம் உடலாலேயே செலுத்த முன்வந்தனர். வாக்காளன் நிலை அத்தகையதன்று. அவன் தன் கை மாசுபடாமற் காத்துக்கொண்டதற்குரிய விலையைப் பெரும்பாலும் வேறொருவன் செலுத்துகின்றான். வந்தேறி என்று விரட்டப்படுபவன் செலுத்துகின்றான், கூலி இழந்தவன் செலுத்துகின்றான், சிறுபான்மையோன் செலுத்துகின்றான். பிலாத்து தண்ணீர் கொணர்ந்து கூட்டத்தார் முன்னிலையில் தன் கையைக் கழுவினான். கை தூயதாயிற்று, தீர்ப்பு மாறவில்லை. தூய கையை மட்டும் வேண்டி நிற்கும் கொள்கை வாக்கில் பிலாத்தின் சாயல் படியாதிருக்கின்றதா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.

மாக்சு வேபர் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர், நாடு போரில் தோற்றுக் கலங்கிக் கிடந்த 1919ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மியூனிக் நகர மாணவரிடையே நிகழ்த்திய சொற்பொழிவில் இரு அறநெறிகளைப் பகுத்துக் காட்டினார். ஒன்று, உள்ளத்தின் உறுதிப்பாட்டை மட்டுமே நோக்கும் அறம். மற்றொன்று, செயலின் விளைவுக்குத் தானே பொறுப்பேற்கும் அறம். இவ்விரண்டும் தம்முள் முற்றிலும் பகைமையுடையன அல்ல, ஒன்றையொன்று நிறைவு செய்வன என்பதும் அவர் கொண்ட முடிவாகும். அரசியலில் இறங்கியோர்க்கு அவர் கூறியது, ஒரு நாளேனும் அரசியற் பொறுப்பைக் கையிலேந்தும் வாக்காளர்க்கும் பொருந்தும்.

இதுகாறும் கூறியவற்றால் யாம் சூழ்ச்சி வாக்கின் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று எவரும் கருதற்க. அதன்கண் உள்ள கேடுகளும் சிறியன அல்ல.

முதலாவது, சூழ்ச்சி வாக்கு பிறர் நிலையைப் பற்றிய அறிவையே அடிப்படையாகக் கொண்டது. அவ்வறிவு பிழைபடின் அனைத்தும் பிழைபடும். பிரான்சு தேசத்தார் ஜோஸ்பின் இரண்டாம் சுற்றுக்கு வருவார் என்று நம்பியதும் அத்தகைய பிழையே. “அவர் வெல்லார், அவருக்கு அளிப்பது வீண்” என்று பலரும் கூறக் கேட்டே பலரும் கைவிடுவராயின், வெல்லத்தக்கவரும் தோற்பார். அவ்வாறு கூறுவோருள், கூறுவதனால் ஊதியம் பெறுவோரும் இருத்தல் கூடும்.

இரண்டாவது, தீமை குறைந்தவர் என்று ஒருவருக்கே என்றும் வாக்களித்து வருவோமாயின், அவர் நம்மை மதியார். நம் வாக்கு நம்மை அஞ்சுவிக்கும் ஒருவரின் பெயரால் அவர் பெட்டியில் தானே வந்து விழும் என்பதை அறிந்துகொள்வார். பின்னர் நம் கொள்கையைக் கேட்பார் யார்? “இம்முறை மட்டும்” என்று தொடங்கியது எம்முறையும் அதுவேயாய் முடியும். புதிய கொள்கைக்கு வளர்ச்சியே இல்லாது போகும்.

இவ்விரண்டாம் கேட்டினின்றும் தப்பிய ஒரு வரலாற்றை இங்கிலாந்தில் காண்கின்றோம். அந்நாட்டுத் தொழிலாளர் தமக்கெனத் தனி இயக்கம் கண்டது 1900ஆம் ஆண்டு. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் அவர்கள் பெற்ற இடங்கள் இரண்டே. தொழிலாளர் வாக்கும் லிபரல் வாக்கும் பிரிந்தால் கன்சர்வேடிவ் கட்சியே வெல்லும் என்பது யாவரும் அறிந்தது. அவர்கள் தம் தனி இயக்கத்தைக் கைவிட்டிலர். கண்ணை மூடிக்கொண்டு எங்கும் மோதவும் இல்லை. 1903ஆம் ஆண்டு ராம்சே மக்டொனால்டு, லிபரல் கட்சியைச் சார்ந்த ஹெர்பர்ட் கிளாட்ஸ்டனோடு மறைவாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். சில தொகுதிகளில் ஒருவரையொருவர் எதிர்ப்பதில்லை என்பது அதன் கருத்து. 1906ஆம் ஆண்டுத் தேர்தலில் தொழிலாளர் 29 இடங்களைக் கைப்பற்றினர். 1924ஆம் ஆண்டு அதே மக்டொனால்டு முதல் தொழிற்கட்சிப் பிரதம மந்திரியானார். கொள்கை வித்து, சூழ்ச்சி வேலி. வேலி மட்டும் இருந்து வித்து இல்லையேல் விளைவு ஏது? வித்து மட்டும் இருந்து வேலி இல்லையேல் விளைந்தது யாருக்கு?

இனி, முறையினாற் பிறந்த இடரை முறையினாலேயே தீர்க்கக் கூடாதா என்று வினவலாம். பிரெஞ்சு நாட்டுக் கணித நூலார் போர்தாவும் கொண்டோர்சேயும் 18ஆம் நூற்றாண்டிலேயே இதனை ஆராய்ந்தனர். வாக்காளன் ஒருவரை மட்டும் குறித்தல் போதாது, தன் விருப்பத்தின் வரிசையையும் தெரிவித்தல் வேண்டும் என்பது அவ்வாராய்ச்சிகளின் அடிப்படை. ஆஸ்திரேலியாவில் 1918ஆம் ஆண்டு ஸ்வான் தொகுதியில் நிகழ்ந்த இடைத்தேர்தலில், ஒத்த கருத்துடைய இரு கட்சிகள் வாக்கைப் பங்கிட்டுக்கொள்ள, நூற்றுக்கு ஏறக்குறைய 34 பங்கு மட்டுமே பெற்ற தொழிற்கட்சி அபேட்சகர் வென்றார். உடனே அவ்வாண்டிலேயே விருப்ப வரிசை முறை அந்நாட்டில் சட்டமாயிற்று. அம்முறைப்படி வாக்காளர் 1, 2, 3 என எண்ணிட்டு வாக்களிப்பர். கடைநின்றவர் நீக்கப்பட்டால், அவருக்கு அளித்த சீட்டு வீணாகாது, அதில் அடுத்த எண் பெற்றவரைச் சென்று சேரும்.

நம் நாட்டிலும் குடியரசுத் தலைவர் தேர்தல் இத்தகைய விருப்ப வரிசை முறையிலேயே நடைபெறுகின்றது. 1969ஆம் ஆண்டு வி. வி. கிரியும் நீலம் சஞ்சீவ ரெட்டியும் சி. டி. தேஷ்முக்கும் முக்கியமாகப் போட்டியிட்டபோது, முதல் விருப்ப எண்ணிக்கையில் எவரும் வெல்லவில்லை. பிறர் நீக்கப்பட்டு அவர் சீட்டுகளிலிருந்த அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்ட பின்னரே கிரி வென்றார். ரெட்டியோ ஆளுங் காங்கிரசுக் கட்சியின் அபேட்சகர். எனினும் பிரதம மந்திரி இந்திரா காந்தி அம்மையார் தம் கட்சியினரை மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு வேண்டினார். அவ்வேண்டுகோளாற் பயன் பெற்றவர் கிரி. மனச்சாட்சி என்னும் சொல்லே ஓர் அரசியற் கருவியாய்ப் பயன்பட்ட இந்நிகழ்ச்சி, கொள்கையும் சூழ்ச்சியும் எத்துணை நெருங்கிக் கிடக்கின்றன என்பதனைக் காட்டுகின்றது.

இலங்கையில் வாழும் தமிழ் மக்களுக்கு இவ்வினா 2024ஆம் ஆண்டு நேரடியாகவே எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில், தமிழ்க் கட்சிகள் சிலவும் பொது அமைப்புகளும் சேர்ந்து பா. அரியநேத்திரன் என்பாரைத் தமிழ்ப் பொது அபேட்சகராக நிறுத்தின. அவர் வெல்வார் என்று எவரும் எண்ணிற்றிலர். தமிழர் கோரிக்கையை உலகறியச் செய்தலே நோக்கம். இஃது உண்மையான சாட்சி வாக்கு. இலங்கைத் தமிழரசுக் கட்சியோ, வெல்லும் வாய்ப்புடையாருள் ஒருவர் என்று கருதப்பட்ட சஜித் பிரேமதாசாவை ஆதரிப்பதாக அறிவித்தது. இஃது உண்மையான செயல் வாக்கு. அரியநேத்திரன் 2,26,343 வாக்குகள் பெற்றார். எம் விடுதியில் இரு நண்பர் செய்த வழக்கையே, அங்கே ஓர் இனம் தன்னுள் தானே நடத்திற்று.

ஆனால் அந்நாட்டு வாக்குச்சீட்டில் மூவர் வரையில் விருப்ப வரிசை குறிக்கலாம். முதல் எண்ணை அரியநேத்திரனுக்கும் இரண்டாம் எண்ணைத் தமக்கு ஏற்ற வேறொருவர்க்கும் இட்டால், சாட்சியும் செயலும் ஒரே சீட்டில் அமையும். அத்தேர்தலில் எவரும் பாதிக்கு மேல் பெறாமையால், அந்நாட்டு ஜனாதிபதித் தேர்தல் வரலாற்றிலேயே முதன்முறையாக அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டன. முதலிருவராகிய அநுர குமார திசாநாயக்கவும் பிரேமதாசாவும் ஒழிய மற்றையோர்க்கு விழுந்த வாக்குகள் ஏறக்குறைய 33 இலட்சம். அவற்றுள் இவ்விருவருள் ஒருவரைச் சென்று சேர்ந்தவை 3 இலட்சத்துக்கும் குறைவு. திசாநாயக்க 57,40,179 வாக்குகளோடு வென்றார். சட்டம் கையில் கொடுத்த கருவியைப் பத்தில் ஒரு பங்கினர் கூடப் பயன்கொண்டிலர். முறை நல்லதாயினும் அதனை அறியாதார்க்கு அது பெட்டிக்குள் பூட்டிய விளக்கே.

எத்துணைச் சிறந்த முறையும் இவ்விடரை முற்றும் ஒழிக்காது என்பதும் ஈண்டு அறியத்தக்கது. தெரிந்தெடுக்கப்படக் கூடியவர் மூவரோ அதற்கு மேற்பட்டவரோ ஆயின், ஒருவனே தீர்க்கும் தனியாட்சி அல்லாத எந்த விருப்ப வரிசை முறையிலும், உள்ளத்தை உள்ளபடி காட்டாமையாற் பயன் பெறும் நிலை ஒருகால் நேர்ந்தே தீரும் என்று கிப்பர்டு 1973ஆம் ஆண்டிலும், சாட்டர்த்வெயிட்டு 1975ஆம் ஆண்டிலும் தனித்தனியே கணித வாயிலாக நிறுவினர். ஆகவே முறையைத் திருத்துதல் நம் கடனே ஆயினும், சிந்திக்கும் கடன் நம்மை விட்டு நீங்காது.

அங்ஙனமாயின் சாவடிக்குள் நிற்கும் இளைஞன் யாது செய்வது? அவன் தன்னை மூன்று வினாக்கள் வினவிக்கொள்க என்பது எம் கருத்து. முதலாவது, நான் தடுக்க விரும்பும் தீமை எத்தகையது? பிடிக்காத ஒருவர் ஆள்வது வேறு. எளியோர் வாழ்வையும் குடியாட்சியின் அடிப்படையையும் அழிக்கும் ஒருவர் ஆள்வது வேறு. முன்னையதற்கு அஞ்சிக் கொள்கையைக் கைவிடுதல் கோழைமை; பின்னையதைக் கண்டும் கை கழுவுதல் செருக்கு. இரண்டாவது, என் தொகுதியில் போட்டி உண்மையிலேயே நெருங்கியதா? அவ்வாறென்று யார் கூறினார்? கூறியவரை நம்பலாமா? நெருக்கமில்லாத இடத்தில் சூழ்ச்சி வாக்குக்கு வேலையில்லை. ஆங்குக் கொள்கை வாக்கே அறமும் பயனும் ஆகும். மூன்றாவது, இதற்கு முன் எத்தனை முறை இவ்வாறு விட்டுக்கொடுத்தேன்? விட்டுக்கொடுத்த மறுநாள் என் கொள்கைக்கு நான் செய்தது யாது?

இம்மூன்றாம் வினாவே மூன்றனுள்ளும் கடியது. வாக்கு ஒன்றே சாட்சி கூறும் வழியன்று. பேசலாம், எழுதலாம், சங்கம் கூட்டலாம், சிறு கட்சிக்கு உழைக்கலாம், வென்றவர் வாயிலிற் சென்று முறையிடலாம். வாக்கை ஒருவருக்கு அளித்துவிட்டுத் தன் குரலையும் சேர்த்து அவருக்கே அளித்துவிடுபவன்தான் கொள்கையைத் துறந்தவன். தேர்தல் நாளன்று செயலைத் தெரிந்துகொண்டவன் ஏனைய நாட்களிற் சாட்சியாய் வாழக் கடமைப்பட்டவன். அவ்வாறே, தேர்தல் நாளன்று சாட்சியைத் தெரிந்துகொண்டவன், அதன் விளைவால் துன்புறுவோர் பக்கத்தில் ஏனைய நாட்களில் நின்று செயலாற்றக் கடமைப்பட்டவன்.

எம் நண்பர் இருவரும் ஒரு வாரம் கழித்துப் பேசத் தொடங்கினர். இருவரும் தத்தம் எண்ணப்படியே வாக்களித்திருந்தனர். ஒருவர் மற்றவரை மாற்றவில்லை. ஆயினும் முன்னவர், “நான் வாக்களித்தவர் தோற்றார், இனி அக்கொள்கைக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று நீர் கேட்டிருந்தால் விடையின்றி நின்றிருப்பேன்” என்றார். பின்னவர், “நான் வாக்களித்தவர் வென்றார், ஆனால் அவரிடம் எதைக் கேட்பது என்று இதுவரையில் நான் எண்ணியதே இல்லை” என்றார். கோழை என்ற சொல்லும் செருக்கர் என்ற சொல்லும் அத்தோடு மறைந்தன. அவர் வழக்கைத் தீர்த்து வைக்கப் புகுந்த யாமே அவரிடம் பாடம் கேட்டு மீண்டோம்.

சூழ்ச்சி என்னும் சொல் வஞ்சனைப் பொருளில் இழிந்து கிடப்பது நம் மொழிக்கு நேர்ந்த குறை மட்டுமன்று. நம் பொதுவாழ்வுக்கு நேர்ந்த குறையுமாகும். அதனை ஆராய்ந்து எண்ணுதல் என்னும் பழைய உயர்பொருளுக்கு மீட்பது வாக்குரிமை பெற்ற இளைஞராகிய நம் கையிலே உள்ளது. உள்ளத்திற் கொள்கையும், அறிவிற் சூழ்ச்சியும், அயலான்பால் அன்பும் உடையராய்ச் சாவடிக்குட் புகும் பேற்றை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.